கரையைப் பார்த்து வைத்த செருப்புகள்

ஆஸ்திரேலியாவில் முதல் மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை, என் செருப்புக்குத்தான் கிடைத்தது. மெல்பேர்ன் விமானம் ஏதோ வேலைநிறுத்தத்தால் கிளம்பாது என்று சொல்லி, சிட்னியில் ஒரு ஹோட்டலில் எங்களைத் தங்க வைத்தார்கள். அறைக்குள் சுவருக்குச் சுவர் கம்பளம். அதைக் கண்டதும் என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. நான் பிறந்தது ஈப்போவில், வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். இரண்டு இடத்திலும் செருப்போடு வீட்டுக்குள் போனால் முதுகில் விழும். கழற்றிக் கதவுக்கு வெளியே சுவரோரமாக வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் செருப்பைக் காணவில்லை. ஐயோ, வந்திறங்கின உடனேயே களவா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், சீருடை போட்ட ஒரு வெள்ளைக்காரர் என் செருப்பைத் தட்டில் ஏந்திக்கொண்டு வருகிறார். மண்ணிறத் தோல் செருப்பு, கறுப்புப் பொலிஷில் பளபளக்கிறது. இங்கே அறைக்கு வெளியே வைத்தால் பொலிஷ் போடச் சொல்லி அர்த்தமாம். தாங்க்யூ சொல்லி வாங்கிப் போட்டேன். திரும்பி ஊருக்கு வரும்வரை என் இரண்டு பாதத்திலும் கறுப்புக் கோடு போகவில்லை.

நான் போனது ஊர் பார்க்க இல்லை. தம்பி மகேசனுக்கு வயிற்றில் ஒப்பரேசன். படிக்கப் போனவன், படிப்பு முடிய வேலையும் கிடைத்து அங்கேயே நின்றுவிட்டான். கலியாணமும் கட்டவில்லை. "சமைச்சுப் போட ஆளில்லை அக்கா" என்று எழுதியிருந்தான். நான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தாதி. ஊரார் வயிறெல்லாம் பார்க்கிறவள், சொந்தத் தம்பியின் வயிற்றைப் பார்க்காமல் இருப்பதா? சம்பளமில்லாத லீவு போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பெட்டிக்குள் மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, ஒடியல் மா. சிட்னி விமான நிலையத்து அதிகாரி கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துக் கூடைக்குள் போட்டார். ஒடியல் மாவை நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"பனங்கிழங்கு மா."

"எதற்கு?"

"கூழ் காய்ச்ச."

கூழ் என்றால் என்ன என்று கேட்கிற துணிவு அவருக்கு வரவில்லை. போ என்று கையைக் காட்டினார்.

மெல்பேர்னில் தம்பி இருந்தது ஸ்பிரிங்வேலில், ரயில் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு பலகை வீட்டின் பின்னறையில். முன்பக்கத்தில் வீட்டுக்காரி இருந்தா. பெயர் ஹனா. எழுபது தாண்டிய விதவை, பிள்ளைகள் இல்லை. கதவைத் திறந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சீனத்தியோடா?" என்று தம்பியிடம் தமிழில் கேட்டேன். "பேந்து சொல்றன்" என்று முணுமுணுத்தான். அவ பேசியது முழுக்க ஆங்கிலம். ஆனால் எனக்கு அது எங்கட தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே சொல்கிறேன்.

வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவவின் முகம் மலர்ந்தது. சட்டென்று குனிந்து, என் இரண்டு செருப்பையும் எடுத்து, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தா.

எனக்குச் சுருக்கென்றது. வந்த விருந்தாளியின் செருப்பைத் திருப்பி ரோட்டைப் பார்த்து வைத்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம்? வந்த வழியைப் பார்த்துப் போ என்பதுதானே! இருக்கட்டும், கண் தெரியாத மனுசி என்று மனதை ஆற்றிக்கொண்டு, ஆள் அங்கால் போனதும் செருப்பைப் பழையபடி வீட்டைப் பார்க்க வைத்தேன். பின்னேரம் பார்த்தால் அது மறுபடியும் ரோட்டைப் பார்க்கிறது.

அன்றைக்குத்தான் தம்பி விசயத்தை அவிழ்த்தான். "அவவின்ரை தாய் ஐரிஷ். தகப்பன் ஜப்பான்காரர்."

எனக்கு உச்சியில் ஏறியது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது நான் ஈப்போவில் சின்னப் பிள்ளை. அப்பா ரயில்வேயில் கிளாக்கர். சிப்பாய்கள் வீட்டுக்குள் வந்தார்கள், சேறு பிடித்த சப்பாத்துக் காலோடு சாமியறைக்குள்ளும் போனார்கள். ஒழுங்காகக் குனிந்து கும்பிடவில்லை என்று அப்பாவின் கன்னத்தில் ஒருவன் அறைந்தான். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"வேறை வீடு பாரடா," என்றேன். "அவ என்னைப் போ எண்டு சொல்லிக் காட்டுறா."

"அக்கா, நான் ஆஸ்பத்திரியாலை வந்த நாள் தொட்டு எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தது அந்த மனுசிதான். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

சும்மா இருந்தேன். ஆனால் செருப்பைத் திருப்பாமல் விடவில்லை. நான் உள்ளே பார்த்து வைப்பேன், அவ வெளியே பார்த்து வைப்பா. கடைக்குப் போய் வந்தாலும் இதே கூத்து, குப்பை கொட்டப் போய் வந்தாலும் இதே கூத்து.

சமையல் பெரிய பாடாக இருந்தது. தேங்காய் இல்லை, கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்துச் சம்பல் இடித்தேன். தம்பி அதை அமிர்தம் மாதிரித் தின்றான், எனக்கு மரத்தூள் மாதிரி இருந்தது. ஆனால் மீன்கடையைக் கண்டு கண் விரிந்துவிட்டது. நல்ல பெரிய மீனின் தலையை வெட்டி வாளிக்குள் எறிகிறார்கள்! அதைத் தரச் சொல்லிக் கேட்டேன். "பூனைக்கா?" என்றார் கடைக்காரர். "ஓம்" என்றேன். அன்றைக்கு அந்தப் பூனை புளி விட்டு வைத்த தலைக்குழம்போடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டது. நாளுக்கு நாள் தம்பியின் முகத்தில் இரத்தம் ஊறியது.

பட்டணம் பார்க்கப் போய் டிராமிலும் மானம் கெட்டேன். இறங்கும்போது சீலைத் தலைப்பு கதவில் அகப்பட்டு, நான் ரோட்டில், தலைப்பு டிராமில். "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று நான் தமிழில் கத்தினது அந்த டிரைவருக்கு விளங்கிவிட்டது. ஒரு தடித்த வெள்ளைக்காரி இறங்கி வந்து, தலைப்பை மடித்து என் தோளில் போட்டுவிட்டு, "அழகான துணி, கவனம்" என்று சொல்லித் திரும்ப ஏறிப் போனா. எங்கள் யாழ்ப்பாண பஸ்ஸாக இருந்தால் கொண்டக்டரும் சேர்ந்து சிரித்திருப்பான்.

அந்தக் கிழமையே ஒருநாள் காலையில் ஹனாவைக் கையும் களவுமாகப் பிடித்தேன். என் செருப்பைத் திருப்பிக்கொண்டு குந்தியிருந்தா.

"நான் போகவேணுமெண்டால் வாயாலை சொல்லுங்கோ," என்றேன். "ஏன் செருப்பிட்டைச் சொல்லி விடுறியள்?"

அவவின் கை அப்படியே நின்றது. "போகவா? நான் எப்ப உங்களைப் போகச் சொன்னனான்?"

"ரோட்டைப் பார்த்து வைக்கிறது பின்னை என்ன?"

கதவைப் பிடித்து எழும்பினா. கண் கலங்கியிருந்தது. "இது அப்பா பழக்கினது. வந்த ஆக்களின்ரை செருப்பை வெளியாலை பார்த்துத் திருப்பி வைக்கவேணும். போகேக்கை அவை குனிஞ்சு கஷ்டப்படாமல் காலை நுழைச்சுக்கொண்டு போகலாம். அவர் போன பிறகு இந்த வாசலிலை ஒருத்தரும் செருப்புக் கழட்டினதில்லை. உங்கட தம்பி பின்கதவாலை போறவர். அண்டைக்கு நீங்கள் கழட்டினவுடனை எனக்குக் கை சும்மா இருக்கேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவ என்னைக் குசினிக்குள் கூட்டிப் போய்க் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி வைத்தா. தகப்பனின் கதையை அங்கேதான் கேட்டேன்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் நடந்த கதை. தகப்பன் ஒரு விவசாயியின் கடைசிப் பிள்ளை, பங்குக்கு நிலம் வராத பிள்ளை. ஹவாயில் கரும்புத் தோட்டத்தில் வேலை என்று ஊருக்குள் ஆள் சேர்க்க வந்தார்கள். ஒரே பகுதியைச் சேர்ந்த இளந்தாரிகள் கூட்டமாகப் பதிந்துகொண்டு யோக்கோஹாமாத் துறைமுகத்துக்குப் போனார்கள். நீராவிக் கப்பலை அவர்களில் ஒருவரும் அதற்கு முன் கிட்ட நின்று பார்த்ததில்லை.

"ஏணிக்கு மேலாலை பார்த்தால் கப்பலின்ரை தளம் தெரிஞ்சுதாம். கழுவித் துடைச்ச பலகை, அவையின்ரை வீட்டுத் தரையை விடச் சுத்தம். உது வீடுதானே எண்டு நினைச்சு, எல்லாரும் ஏணியடியிலை மரச்செருப்பைக் கழட்டி, வரிசையா, கரையைப் பார்த்துத் திருப்பி வைச்சிட்டு ஏறிவிட்டினம்."

"ஒருத்தரும் சொல்லேல்லையா?"

"ஆர் சொல்லுறது? மாலுமி வெள்ளைக்காரன், இவையின்ரை பாஷை தெரியாது. ஏறு ஏறு எண்டு தள்ளினவன். கப்பல் வெளிக்கிட்ட பிறகுதான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு திரும்பிப் பார்த்திருக்கினம். துறையிலை செருப்பு வரிசை அப்படியே இருக்குது. கொஞ்சப்பேர் சிரிச்சவையாம். கொஞ்சப்பேர் அழுதவையாம். அப்பா தான் சிரிச்சனான் எண்டு சொல்லுவார். அம்மா நம்பமாட்டா."

நான் சிரித்தேன். சிட்னி ஹோட்டல் கதையைச் சொன்னேன். அவ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தா.

கீழ்த்தட்டில் தட்டுத் தட்டாகப் பலகை அடித்து அதில்தான் படுக்கையாம். கடல் கொந்தளிக்க, ஊறுகாய் போட்ட பிளம் பழத்தைத் தொப்புளில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்களாம். வயிற்றைப் புரட்டிச் சத்தி வராது என்று நம்பிக்கை. அரிசி மூட்டை வைக்கோலில் பின்னியிருந்தது. மூட்டை வெறுமையாக வெறுமையாக அந்த வைக்கோலை உருவிப் புதுச் செருப்புப் பின்னினார்கள். பக்கத்துப் பலகையில் கிடந்த ஒரு பையன் காய்ச்சலில் செத்துப்போனான். கடலில் இறக்க முதல் அவனுக்கும் ஒரு சோடி பின்னிக் காலில் கட்டி விட்டார்களாம். செத்தவன் நடந்து போக வேண்டிய தூரம் இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

இதைக் கேட்க எனக்கு நான் வந்த கப்பல் ஞாபகம் வந்தது. சண்டை முடிந்த கையோடு அம்மாவும் நானும் தம்பியும் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தோம். கீழ்த்தட்டு. தார், வெங்காயம், பெயின்ற் எல்லாம் கலந்த ஒரு வாசம். அம்மா பாதி வெட்டின தேசிக்காயை மூக்கில் வைத்தபடி கிடந்தா. தம்பி அவவின் மடியில். நான் மட்டும் கம்பியடியில் நின்று, அப்பாவின் வெள்ளைக் காற்சட்டை புள்ளியாகிப் போகும்வரை கை காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பென்சனோடு வருகிறேன் என்று சொன்னவர். வந்தது தந்திதான். இவ்வளவு காலத்துக்குப் பிறகும், அந்தத் தார் வாசம் ஒருதரம் வந்தால் போதும், நான் அந்தக் கம்பியடியில்தான் நிற்பேன். எத்தனை நாள் அந்தக் கப்பலுக்காக ஏங்கியிருக்கிறேன் என்று எனக்கே அந்தக் குசினியில்தான் தெரிந்தது.

ஹவாயில் ஒப்பந்தம் முடிய, ஹனாவின் தகப்பன் இன்னொரு கப்பலில் சலவை வேலைக்கு ஏறி, பசிபிக்கை இரண்டாம் தரம் கடந்து சிட்னியில் இறங்கினார். பிறகு மெல்பேர்னில் சலவைக் கடை. கழுத்துப்பட்டிக்குக் கஞ்சி போட்டு ஸ்திரிக்கை போடுவதில் கெட்டிக்காரராம். ஊருக்குப் போகவே இல்லை. பழப்பெட்டிப் பலகையில் தானே ஒரு சோடி மரச்செருப்புச் செதுக்கிக் கடைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். சண்டை வந்தது. எழுபது வயதுக் கிழவனை எதிரி நாட்டான் என்று பிடித்துப் போக பொலிஸ் வந்தது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ எண்டு அப்பா கேட்டவர்," என்றா ஹனா. "அவை கழட்டேல்லை. அப்படியே உள்ளுக்கு வந்தவை."

நான் என் அப்பா வாங்கின அறையைச் சொன்னேன். சாமியறைக்குள் போன சப்பாத்துகளையும் சொன்னேன். அவ எழும்பிப் போய்க் கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அந்தச் சப்பாத்துகளுக்கு நான் என்ன சொல்லுறது?"

"நீங்கள் என்ன சொல்லக் கிடக்கு? நீங்கள் அந்த நேரம் இஞ்சை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்," என்றேன். "தேத்தண்ணியை ஊத்துங்கோ."

கிழவர் அடைத்து வைத்த முகாமிலேயே செத்துப்போனார். கடைசியாகப் பார்க்கப் போனபோது மகளிடம் சொன்னது இதுதான்: "நீ ஒருக்கால் யோக்கோஹாமாவுக்குப் போய், என்ரை செருப்பு இருக்கோ எண்டு பார்த்துக்கொண்டு வா." பகிடியாகத்தான் சொன்னாராம். மகள் ஓம் என்று சொல்லிவிட்டா.

அந்த ஓம்தான் அவவை இருக்க விடவில்லை. புருசன் செத்த பிறகு இரண்டு தரம் டிக்கட் எடுத்திருக்கிறா. இரண்டு தரமும் சிட்னித் துறைமுகம் வரை போய், கப்பல் படியில் கால் வைக்காமல் திரும்பி வந்திருக்கிறா. இப்போது மூன்றாம் டிக்கட். நான் சிட்னியிலிருந்து ஊருக்குப் பறக்கிறதுக்கு முதல்நாள் கப்பல்.

"அக்கா, நீங்கள்தான் அவவை ஏத்தி விடவேணும்," என்றான் தம்பி. "இந்தமுறையும் திரும்பினா எண்டால் பிறகு போகமாட்டா. ஆளுக்கும் வயசு போகுது."

தம்பி எழும்பி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். நாங்கள் இருவரும் பகல் ரயிலில் புறப்பட்டோம். ஹனா மண்ணிறச் சப்பாத்து, சாம்பல் கோட்டு. மடியில் பழுப்புக் கடதாசியில் சுற்றிய பொட்டலம். தகப்பனின் பழப்பெட்டிச் செருப்பு. செம்மறியும் மஞ்சள் புல்லுமாக நிலம் ஓடிக்கொண்டேயிருந்தது, ஆளைக் காணோம். எங்கள் பக்கத்தில் என்றால் அவ்வளவு நிலத்துக்கு எத்தனை வேலிச் சண்டை நடந்திருக்கும்.

மத்தியானம் அவ சோற்றுருண்டை தந்தா. நடுவில் உப்பிலே ஊறின அப்ரிக்கொட். பிளம் கிடைக்காததால் தகப்பன் கண்டுபிடித்த மாற்றாம். கடித்தேன், எங்கள் ஊர் உப்புத் தேசிக்காயேதான்! நான் இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் சம்பல் வைத்துக் கொடுத்தேன். அவவுக்கு மூக்கும் கண்ணும் ஓடியது, ஆனால் விடாமல் தின்று முடித்தா.

எதிரே இருந்த தோட்டக்காரர் ஒருவர், "எங்கே பயணம்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு," என்றா ஹனா. உடனே, "இல்லை, ஜப்பானுக்கு" என்றா.

"இரண்டில் எது?" என்றார் அவர், சிரித்துக்கொண்டு. ஹனா சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போனது.

அதற்குப் பிறகு தொடங்கியது சாட்டு. கேஸ் அடுப்பை அணைத்தேனோ தெரியாது என்றா. தம்பி பார்ப்பான் என்றேன். பூச்செடிக்குத் தண்ணீர் என்றா. தம்பி ஊற்றுவான் என்றேன். அடுத்த ஸ்டேசனில் இறங்கப்போகிறேன் என்று எழும்பியே விட்டா. நான் அவவின் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினேன். பிடித்த கை பழக்கத்தில் நாடியும் பார்த்தது. குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பயம்? சொல்லுங்கோ."

"பள்ளிக்கூடத்திலை என்னை ஜப்பான்காரி எண்டு கல்லாலை எறிஞ்சவை. இந்த ஊர் ஆள் இல்லை நீ எண்டவை. எனக்கு ஜப்பான் பாஷையிலை நாலு சொல்லுத்தான் தெரியும். அங்கை போக, அவையும் நீ ஆர் எண்டு கேட்டால்? பிறகு நான் போறதுக்கு இடமே இல்லை. போகாமல் இருந்தால் அப்படி ஒரு இடம் இருக்கு எண்டாவது நினைச்சுக்கொண்டு இருக்கலாம்."

அவவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிட்னியில் புதிதாகக் கட்டித் திறந்த அந்த இசைமண்டபம், நண்டுக் கோதுகளைக் கழுவி அடுக்கின மாதிரி வெயிலில் மினுங்கியது. கப்பல் வெள்ளையாக, மாடிவீடு மாதிரி நின்றது. துறையெங்கும் சனம். மேலே நிற்பவர்கள் நிறநிறமான கடதாசி நாடாச் சுருளைக் கீழே எறிகிறார்கள், கீழே நிற்பவர்கள் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கப்பல் நகர, நாடா இழுபட்டு அறும்வரை பிடித்துக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம். அந்தத் தார் வாசம் அங்கும் அடித்தது.

படியடிக்கு வந்ததும் ஹனா நின்றா. நான் பயந்த மாதிரியே நின்றா. பின்னால் வந்தவர்கள் விலகி விலகி ஏறினார்கள். மேலே நின்ற அதிகாரி கையை ஆட்டினார். "ஏலாது," என்றா என்னிடம். "என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போங்கோ. இனிமேல் டிக்கட் எடுக்கமாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவவோடா, அந்தத் துறையோடா, வெள்ளைக் காற்சட்டையோடு நின்று கை காட்டிவிட்டு வராமல் போன என் அப்பாவோடா தெரியாது. வார்டில் மருந்து குடிக்க மறுக்கிற நோயாளியை அதட்டுகிற குரல் என் வாயிலிருந்து வந்தது.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ!"

"என்ன?"

"கழட்டுங்கோ எண்டுறன்!"

பயந்துபோய்க் கழற்றினா. நான் நிலத்தில் குந்தி, அந்த மண்ணிறச் சப்பாத்தைச் சோடியாக்கி, மூக்கு கரையைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பொட்டலத்தைப் பிரித்துத் தகப்பனின் மரச்செருப்பை அவவின் காலடியில் வைத்தேன்.

"அண்டைக்கு உங்கட அப்பாவின்ரை செருப்புக்குக் காவல் ஆளில்லை. அதுதான் அவர் திரும்பி வரேல்லை. இதுக்கு நான் காவல். அங்கை ஆர் என்ன கேட்டாலும், உங்கட சப்பாத்து இஞ்சை கரையைப் பார்த்தபடி இருக்கு. வந்து போடுறதுதான் உங்கட வேலை. இப்ப ஏறுங்கோ."

ஹனா சப்பாத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. காலுறைக் காலை அந்தப் பழைய செருப்பில் நுழைத்தா. பெரிய செருப்பு, சின்னக் கால். டொக்கு டொக்கு என்று ஒவ்வொரு படியாக ஏறினா. நாடா எறிந்தவர்கள் எல்லாம் எறிவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மேலே போனதும் அதிகாரியின் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தளத்தில் காலுறையோடு நடந்து போனா. அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அவ எறிந்த நாடா மஞ்சள். அது அறும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எல்லாரும் போன பிறகும் நான் சப்பாத்துப் பக்கத்திலேயே நின்றேன். தும்புத்தடியோடு வந்த ஒருவர், "யாருடையது அம்மா? எடுத்து எறியவா?" என்று கேட்டார். "கை வைச்சீர் எண்டால் தெரியும்!" என்றேன். தமிழில்தான். அவர் சப்பாத்தைத் தொடாமல் சுற்றிவரக் குப்பையைக் கூட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் யோசனை வந்தது. காவல் என்று வாய் சொல்லிவிட்டது, நாளைக்கு எனக்கு விமானம். தம்பிக்குத் தபாலில் அனுப்பியிருக்கலாம், புத்தியுள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். எனக்கு அதைக் கடதாசியில் சுற்றி ஆரோ ஒருவரின் கையில் கொடுக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டே பறந்தேன். கொழும்பில் கஸ்டம்ஸ்காரர் தங்கம் இருக்கிறதோ என்று உதறி உதறிப் பார்த்தார். "ஆற்றை சப்பாத்து?" "என்ரை சிநேகிதியின்ரை." "அவ எங்கை?" "கடலிலை." அதோடு என்னை விட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் என் வீட்டு வாசலில் அந்த மண்ணிறச் சப்பாத்து இருந்தது. மழைக்கு உள்ளே எடுப்பேன், வெயிலுக்கு வெளியே வைப்பேன். வருகிறவர்கள் எல்லாம் உள்ளே ஆரோ வெள்ளைக்காரி இருக்கிறா என்று எட்டிப் பார்த்தார்கள்.

கனகாலம் ஒரு தகவலும் இல்லை. தம்பியிடமிருந்தும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. தைமாதத்தில் நீல ஏர்மெயில் வந்தது, மெல்பேர்ன் முத்திரை. ஹனா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டா.

யோக்கோஹாமாத் துறை முழுக்க இப்போது சீமெந்தாம். தகப்பனின் செருப்பை ஊரைப் பார்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாவாம். பிறகு நடந்து வந்திருக்கிறா. பின்னால் ஒரு துறைமுகத் தொழிலாளி ஓடி வந்து, நீங்கள் இதை மறந்துவிட்டீர்கள் என்று இரண்டு கையாலும் நீட்டினாராம். திரும்பப் போய் வைத்திருக்கிறா. இந்தமுறை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வந்து கொடுத்தது. மூன்றாம் தரம் மறுபடியும் அந்தத் தொழிலாளி. நீங்கள் ஆர் என்று அவர் கேட்டது அவவுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கேள்விக்குத்தானே அவ்வளவு காலம் பயந்தவ. பாஷை வரவில்லை. செருப்பைக் காட்டி, அப்பாவின் பெயரைச் சொல்லி, கடலைக் காட்டினாவாம். அவர் தொப்பியைக் கழற்றி, அந்தச் செருப்புக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டாராம்.

"அந்த ஊரில் செருப்பை விட்டுவிட்டு வர விடமாட்டார்கள் போலிருக்கிறது," என்று எழுதியிருந்தா. "அதனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் என் சப்பாத்தைக் கொண்டு போய்விட்டீர்களாமே, உங்கள் தம்பி சொல்லிச் சிரித்தார். அது இப்போது எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது?"

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். சிட்னியிலிருந்து வந்த நாள் தொட்டு அது ரோட்டைப் பார்த்தபடிதான் இருந்தது, அவவின் முறைப்படி. குந்தியிருந்து திருப்பி, வீட்டைப் பார்க்க வைத்தேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். "உள்ளே பார்த்தபடி இருக்கிறது. வந்தவர்கள் போவதற்குத்தானே வெளியே பார்த்து வைக்க வேணும்? நீங்கள் இன்னும் என் வீட்டுக்கு வரேல்லையே."